புதிய பதிப்பு ஏறியது, பழைய பிளகின் காணவில்லை: க்யூபேஸ் மேம்படுத்தலுக்குப் பின் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

இசைப் பதிவு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். மென்பொருள் நன்றாகத் திறக்கிறது, புதிய வசதிகளும் வேலை செய்கின்றன, ஆனால் பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய ஏதோ ஒரு பிளகின் (இசைக்கருவி ஒலியையோ ஒலி விளைவையோ தரும் துணை நிரல்) இல்லை. ஸ்டுடியோ கணினிகளில் இந்தப் பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் அமைந்த வரிசையைக் கீழே தந்திருக்கிறேன். ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் பதிவு மென்பொருளான க்யூபேஸை மையமாக வைத்திருக்கிறேன். வழி வேறுபடும் இடங்களில் மட்டும் மற்ற மென்பொருள்களைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

பழைய பதிப்பை நீக்க வேண்டாம். க்யூபேஸின் வெவ்வேறு பதிப்புகள் ஒரே கணினியில் அருகருகே இருக்கக்கூடியவை. வட்டில் இடம் போதவில்லை என்று பழையதை நீக்கிவிட்டு வருபவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாகிறது, ஏனெனில் இங்கே வரும் வழிகளில் பாதிக்குப் பழைய பதிப்பு திறந்தாக வேண்டும். அதுபோலவே, பழைய ப்ராஜெக்டைப் புதிய பதிப்பில் திறந்து பார்த்துவிட்டு அதே பெயரில் சேமிக்காதீர்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, நகலில் மட்டுமே சோதனை செய்யுங்கள்.

அடுத்து, எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு வந்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். க்யூபேஸ் 8.5 அல்லது அதற்கு முந்தையதிலிருந்து வருகிறீர்கள் என்றால், 2016 இறுதியில் வந்த 9ஆம் பதிப்போடு 32 பிட் பிளகின்களுக்கான (பழைய தலைமுறைக் கணினிகளுக்கு எழுதப்பட்டவை; இன்றையவை 64 பிட்) ஆதரவு நின்றுபோன எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். 11 அல்லது அதற்கு முந்தையதிலிருந்து 12க்கோ அதற்கு மேலோ வந்திருந்தால் உரிம முறையே மாறியிருக்கிறது. இன்டெல் மேக்கிலிருந்து, ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட எம் வரிசை மேக்குக்கு வந்திருந்தால், முதலில் விஎஸ்டி 2 பிளகின்களைத்தான் (விஎஸ்டி என்பது பிளகின் வடிவம்; 2 பழையது, 3 புதியது) சந்தேகிக்க வேண்டும். ஏபிள்டன் லைவ் 2018இல் வந்த 10ஆம் பதிப்பில் 32 பிட்டைக் கைவிட்டது. ப்ரோ டூல்ஸ் 2013இல் வந்த 11ஆம் பதிப்பில் ஆர்டிஏஎஸ், டிடிஎம் என்ற பழைய பிளகின் வடிவங்கள் இரண்டையும் விட்டுவிட்டு 64 பிட் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. லாஜிக்கும் அதே ஆண்டில் லாஜிக் ப்ரோ எக்ஸ் ஆனபோது 32 பிட்டிலிருந்து விலகிவிட்டது.

அறிகுறி 1: பிளகின் கோப்பு வட்டில் இருக்கிறது, பட்டியலில் பெயர் வரவில்லை

*பாதை தவறாக இருக்கலாம்.* செலவில்லாத காரணம் என்பதால் இதையே முதலில் பாருங்கள். க்யூபேஸில் ஸ்டுடியோ மெனுவிலிருந்து விஎஸ்டி பிளகின் மேனேஜரைத் திறந்து, அதன் அமைப்புகளில் விஎஸ்டி 2 பாதைகளின் பட்டியலைப் பாருங்கள். பழைய பதிப்பில் நீங்கள் கையால் சேர்த்திருந்த ஃபோல்டர் புதியதில் இல்லாமல் இருக்கலாம். சேர்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். விஎஸ்டி 3 பிளகின்களின் கதை வேறு. அவற்றுக்கென்று நிலையான இடம் உண்டு: விண்டோஸில் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3, மேக்கில் லைப்ரரிக்குள் ஆடியோ, அதற்குள் பிளக்-இன்ஸ், அதற்குள் விஎஸ்டி3. ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாரோ அவற்றை வேறு டிரைவுக்கு இழுத்துப் போட்டிருந்தால் மென்பொருள் அங்கே போய்த் தேடாது.

*தடுப்புப் பட்டியலில் விழுந்திருக்கலாம்.* க்யூபேஸ் 9 முதல் ஒவ்வொரு பிளகினும் தொடக்கத்திலேயே சோதிக்கப்படுகிறது. சோதனையில் தடுமாறியது பிளாக்லிஸ்டுக்குப் போய்விடும். அதே மேனேஜரில் அந்தப் பட்டியலுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே பிளகினைத் தேர்ந்தெடுத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். ஒருமுறை இயக்கியபின் ப்ராஜெக்ட் நிலையாக ஓடினால் அத்தோடு விட்டுவிடலாம். அடுத்த தொடக்கத்திலும் பட்டியலுக்கே திரும்பினால் காரணம் ஆழமானது. வற்புறுத்தி இயக்கி வேலை செய்ய வேண்டாம்.

*விண்டோஸின் துணைக் கோப்புகள் இல்லாமல் இருக்கலாம்.* மென்பொருளோடு சேர்த்துக் கணினியையும் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பழைய பிளகின்கள் பலவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம் கோப்புகள் தேவை. பழைய கணினியில் ஏதோ ஒரு நிரலோடு அவை வந்து சேர்ந்திருக்கும், புதியதில் இருக்காது. பிளகின் கோப்பை மட்டும் பழைய வட்டிலிருந்து நகலெடுத்தவர்கள், அதன் இன்ஸ்டாலரையே மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் வராவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ரன்டைம் தொகுப்புகளை ஏற்றுங்கள்.

*கோப்பே 32 பிட்டாக இருக்கலாம்.* எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் அந்த டிஎல்எல் கோப்பின் ஒரு நகலை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாக நிறையத் தெரியும்; முதல் சில வரிகளுக்குள் பி, இ என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள். சிறிது இடைவெளிக்குப் பின் பெரிய எல் வந்தால் அது 32 பிட், சிறிய டி வந்தால் 64 பிட். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். மேக்கில் பிளகினின் உள்ளே, கன்டென்ட்ஸ் ஃபோல்டரில் மேக்ஓஎஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பை டெர்மினலில் ஃபைல் என்ற கட்டளையோடு இழுத்து விட்டால், ஐ386, எக்ஸ்86_64, ஆர்ம்64 ஆகியவற்றில் எவை உள்ளன என்று காட்டும். ஐ386 மட்டும் இருந்தால் 32 பிட். எக்ஸ்86_64 என்பது இன்டெல் 64 பிட், ஆர்ம்64 என்பது எம் வரிசைக்கானது.

32 பிட் என்று உறுதியானால்

முதலில் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து 64 பிட் இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் இதைக் கட்டணமின்றியே தருகின்றன. பழைய இன்ஸ்டாலரை மட்டும் பென் டிரைவில் வைத்திருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

64 பிட் பதிப்பே வராத பிளகின்கள் உண்டு. என்னிடம் வரும் பழைய ப்ராஜெக்டுகளில் அதிகம் தென்படுபவை ஸ்டெயின்பெர்க்கின் ஹைப்பர்சோனிக் 2, எடிரோலின் ஹைப்பர்கேன்வாஸ் இரண்டும்தான். விண்டோஸில் இவற்றுக்கு ஜேபிரிட்ஜ் என்ற சிறு தொகைக்குக் கிடைக்கும் இடைநிரல் ஒரு வழி; 32 பிட் பிளகினுக்கு அது ஒரு 64 பிட் முகத்தைச் செய்து தரும். ஆனால் அந்த முகமும் விஎஸ்டி 2தான் என்பதால், விஎஸ்டி 2ஐ ஏற்கும் மென்பொருளில் மட்டுமே அது பயன்படும். ஒன்றிரண்டு பிளகின்களுக்கு இது போதும். இருபது டிராக்கிலும் இப்படி ஓட்டினால் ப்ராஜெக்ட் தடுமாறும்.

நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைவிடச் சுற்றுவழியானது, ஆனால் நிலையானது. பழைய க்யூபேஸில் அந்த டிராக்கின் பிளகின் அமைப்பைப் பிளகினின் சொந்த ஜன்னலுக்குள்ளிருந்தே சேமித்து, மிடி கோப்பை (எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ளது) தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். விண்டோஸில் ரீப்பர் தன்னுள்ளேயே 32 பிட் பிளகின்களை இயக்கக்கூடியது. அதில் மிடியைத் திறந்து, பிளகினை ஏற்றி, சேமித்த அமைப்பைத் திறந்து, முதல் பாரிலிருந்து வேவ் கோப்பாக ரெண்டர் செய்து (ஒலிக் கோப்பாக மாற்றி), புதிய க்யூபேஸில் கொண்டுவந்து வையுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவிலும் விண்டோஸில் இத்தகைய பிரிட்ஜ் உண்டு.

மேக்கில் இந்தக் கிளைக்கு வழி இல்லை. 2019இல் வந்த கேட்டலினா 32 பிட் நிரல்களை முற்றிலும் நிறுத்திவிட்டது; இடைநிரல்களும் அதில் ஓடா. மொஜாவேயிலோ அதற்கு முந்தையதிலோ ஓடும் பழைய மேக் ஒன்றில் திறந்து ரெண்டர் செய்வதுதான் மிச்சம். எம் வரிசை மேக்கில் மொஜாவே ஏறவே ஏறாது என்பதால், அதைப் பின்னுக்கு இறக்கித் தரச் சொல்லி யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி 2: ப்ராஜெக்ட் திறக்கிறது, ஒலி வரவில்லை

"அண்ணே, பாட்டு ஓடுது, சத்தமே வரல" என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எல்லா டிராக்கும் மௌனமா அல்லது சில மட்டுமா என்பதுதான்.

*எல்லாம் மௌனம் என்றால்* பிளகினைத் தொடவே வேண்டாம். மேம்படுத்தியபோது ஆடியோ இன்டர்ஃபேஸின் அசியோ டிரைவர் (அந்தக் கருவியை மென்பொருளோடு இணைக்கும் நிரல்) மாறியிருக்கும், அல்லது ப்ராஜெக்ட் பழைய இன்டர்ஃபேஸின் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கும். திறக்கும்போது காணாமல்போன போர்ட்டுகள் என்று ஒரு பெட்டி வந்திருந்தால் அதுவே சான்று. ஆடியோ கனெக்ஷன்ஸில் அவுட்புட்டைச் சரியாகப் பொருத்தினால் முடிந்தது.

*சில டிராக் மட்டும் மௌனம் என்றால்* அந்த டிராக்குகளின் பிளகின் பெயர்களை எழுதிக்கொண்டு, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அறிகுறி 1க்குச் செல்லுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் ப்ராஜெக்ட் மட்டும் அதைக் காணவில்லை என்று சொன்னால், ப்ராஜெக்ட் கேட்பது விஎஸ்டி 2, உங்களிடம் இருப்பது விஎஸ்டி 3. ஸ்டெயின்பெர்க் 2022 ஜனவரியில் விஎஸ்டி 2 ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன் பின் பல நிறுவனங்கள் தங்கள் இன்ஸ்டாலரிலிருந்து விஎஸ்டி 2ஐ எடுத்துவிட்டன. பிளகினைச் செய்தவர்கள் பழையதும் புதியதும் ஒன்றே என்று அடையாளம் வைத்திருந்தால் க்யூபேஸ் தானே மாற்றிக்கொள்ளும். வைக்காதவர்களின் பிளகின்கள்தான் இங்கே மாட்டுகின்றன.

இதற்கான சோதனை எளிது. பழைய பதிப்பில் அதே ப்ராஜெக்டைத் திறந்து, பிளகினின் சொந்த ஜன்னலுக்குள் இருக்கும் சேமிப்பு வசதியால் அமைப்பைச் சேமியுங்கள். க்யூபேஸின் பிரிசெட் சேமிப்பை இங்கே நம்ப வேண்டாம், ஏனெனில் விஎஸ்டி 2 பிரிசெட்டை எல்லா விஎஸ்டி 3 பதிப்புகளும் படிப்பதில்லை. பிறகு புதிய பதிப்பில் விஎஸ்டி 3ஐ ஏற்றி அந்த அமைப்பைத் திறங்கள். ஒலி சரியாக வந்தாலும் ஆட்டோமேஷன் வரிகளை (பாட்டு ஓடும்போது அமைப்பைத் தானாக மாற்றும் பதிவுகள்) தனியாகச் சரிபாருங்கள். ஃபில்டர் திறந்து மூடும் இடத்தில் ஒலி அசையாமல் நின்றால், ஆட்டோமேஷன் பழைய அடையாளத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் புதிய அளவுருவுக்குக் கையால் நகலெடுக்க வேண்டும்.

சாம்பிள்களை வாசிக்கும் பிளகினான கான்டாக்ட் இந்த இடத்தில் பலரைக் குழப்புகிறது. கான்டாக்ட் 5, 6, 7 ஆகியவை ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பதிப்புகள் அல்ல, தனித்தனிப் பிளகின்கள்; 5ஐ வைத்துச் செய்த ப்ராஜெக்டுக்கு 7 மட்டும் இருந்தால் போதாது. பழையதையும் சேர்த்து ஏற்றுவதே சுலபம். முடியாதபோது பழைய கணினியில் முழு அமைப்பையும் மல்டியாக (எல்லா ஒலிகளும் சேர்ந்த ஒரே கோப்பாக) சேமித்து, புதியதில் திறக்கலாம். பிறகு சாம்பிள்கள் காணவில்லை என்று வந்தால் அது பிளகின் கோளாறு அல்ல, லைப்ரரி இருந்த டிரைவின் எழுத்து மாறியிருக்கிறது. அந்தப் பெட்டியிலேயே புதிய இடத்தைக் காட்டினால் போதும்.

அறிகுறி 3: எம் வரிசை மேக்குக்கு மாறியதும் பாதிப் பிளகின்கள் மறைந்துவிட்டன

க்யூபேஸை மூடிவிட்டு, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அதன் ஐகானைத் தேர்ந்தெடுத்து கெட் இன்ஃபோ பார்க்கவும். ரொசெட்டா (இன்டெல் நிரல்களை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் ஆப்பிளின் இடைநிரல்) கொண்டு திறக்கும் குறி இல்லாமல் இருந்தால் க்யூபேஸ் நேரடியாக ஆப்பிள் சிப்பில் ஓடுகிறது. அந்த நிலையில் அது விஎஸ்டி 2ஐ ஏற்காது, ஆர்ம்64 இல்லாத விஎஸ்டி 3ஐயும் ஏற்காது. குறியை இட்டுத் திறந்தால் மறைந்தவை பெரும்பாலும் திரும்பிவரும். வராதவை, அறிகுறி 1இல் சொன்ன டெர்மினல் சோதனைக்கு உரியவை.

ரொசெட்டாவில் ஓட்டுவதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம். மேக் ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாக இருக்கும், அதன் பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி மிஞ்சும் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. ஆகவே இந்த வழியில் திறந்த ப்ராஜெக்டுகளை அப்போதே ரெண்டர் செய்து வைப்பது நல்லது. க்யூபேஸில் ரெண்டர் இன் ப்ளேஸ் வசதி 8ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. இன்ஸ்ட்ருமென்ட் டிராக்கை முடக்கி வைத்துவிட்டு அதன் ஆடியோவை அடுத்த டிராக்கில் வைத்தால், மிடியும் கையில் இருக்கும், ஒலியும் இருக்கும்.

நேரடியாக ஓட்டியாக வேண்டும், ஆனால் ஓரிரண்டு விஎஸ்டி 2 மட்டும் தடை என்றால், ப்ளூ கேட் ஆடியோவின் பேட்ச்வொர்க் போன்ற, பிளகினுக்குள் பிளகினை ஏற்றும் நிரல்கள் கைகொடுக்கும். உள்ளே ஏற்றுவது ஆர்ம்64 பிளகினாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் மாறாது. லாஜிக் இதில் தாராளமானது: ரொசெட்டா நிறுவப்பட்டிருந்தால், தான் நேரடியாக ஓடிக்கொண்டே ஆப்பிளின் ஏயு வடிவத்திலான இன்டெல் பிளகின்களைத் தனியாக இயக்கும். ஏபிள்டன் லைவ் அப்படிச் செய்யாது.

அறிகுறி 4: பிளகின் திறக்கிறது, உரிமம் கேட்கிறது

டெமோ என்று காட்டுவது, இடையிடையே ஒலி அறுவது, மறுபடி அங்கீகரிக்கச் சொல்வது எல்லாம் இந்த வகை. முதலில் ஐலாக் லைசன்ஸ் மேனேஜர் போன்ற உரிம நிரலைப் புதுப்பியுங்கள். பழைய உரிம நிரல் புதிய இயங்குதளத்தில் அமைதியாகத் தோற்றுப்போவது சகஜம். உரிமம் பழைய கணினியோடு கட்டப்பட்டிருந்தால் அங்கே அதை விடுவித்துவிட்டு இங்கே ஏற்ற வேண்டும். பழைய கணினியை ஃபார்மேட் செய்துவிட்டவர்கள் நிறுவனத்துக்கு எழுதினால் பெரும்பாலும் விடுவித்துத் தருவார்கள். எழுதும்போது வாங்கிய ரசீதை இணைத்துவிடுங்கள், ஒரு சுற்றுக் கடிதம் மிச்சமாகும்.

க்யூபேஸ் 11 வரை யூஎஸ்பி டாங்கிளோடு (உரிமத்தைத் தாங்கி, கணினியில் செருகும் சிறு கருவி) ஓடியது. 2022இல் வந்த 12 முதல் டாங்கிள் இல்லாத உரிமம். பழைய டாங்கிள் இனித் தேவையில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள், ஏனெனில் பழைய க்யூபேஸையும் அதில் உரிமம் இருக்கும் பழைய பிளகின்களையும் திறக்க அதுதான் சாவி. டாங்கிள் உரிமங்களை நிர்வகித்த ஈலைசென்சர் சேவை 2025 மே 20 அன்று மூடப்பட்டுவிட்டது. செருகிய டாங்கிளில் இருக்கும் உரிமம் வேலை செய்யலாம், ஆனால் அது உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த உரிமத்தை வேறு டாங்கிளுக்கு மாற்றித் தர யாரும் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே டாங்கிளை நம்பியிருக்கும் ப்ராஜெக்டுகளை நான் முதலில் ரெண்டர் செய்யச் சொல்கிறேன்.

கிராக் செய்த பிளகின்கள் இந்தத் தலைப்பின் கீழ் வருவதில்லை. அவற்றுக்குப் புதுப்பிப்பும் இல்லை, எழுதிக் கேட்க முகவரியும் இல்லை. ஸ்கேனில் மென்பொருளையே விழவைப்பவையும் பெரும்பாலும் அவைதான்.

அறிகுறி 5: ஸ்கேன் செய்யும்போதோ ப்ராஜெக்டைத் திறக்கும்போதோ மென்பொருள் மூடிக்கொள்கிறது

ஸ்கேன் நிற்கும் கணத்தில் திரையில் எந்தப் பிளகினின் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். அந்தக் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் விஎஸ்டி 2 ஃபோல்டரில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். திறந்தால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில் இருக்கிறது, திறக்காவிட்டால் உள்ளே. அதையும் பாதியாக்குங்கள். நூறு பிளகின் இருந்தாலும் ஏழாவது பிரிப்பில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

ஸ்கேன் தாண்டி ப்ராஜெக்டில் விழுகிறது என்றால், க்யூபேஸ் தொடங்கும்போது விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும், மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், ஆப்ஷன் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் பாதுகாப்புத் தொடக்கப் பெட்டி வரும். அமைப்புகளை முடக்கித் தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள், அழிப்பதை அல்ல. புதிய பதிப்புகளில் வெளிப் பிளகின்களை நிறுத்திவிட்டுத் திறக்கும் வசதியும் அங்கேயே உள்ளது. அப்படித் திறந்தால் ப்ராஜெக்ட் கோப்பு நலமாக இருக்கிறது, பழுது ஒரு பிளகினில் என்று நிம்மதி அடையலாம்.

மேக்கில் பிளகினைச் சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அது விழுவதல்ல, தடுப்பு. பிளகின் நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் அனுமதித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் கிளிக் கிளிக் என்று ஒலி எழுப்பினாலோ, அது திறக்கவே நிமிடக் கணக்கில் எடுத்துக்கொண்டாலோ, கரண்ட்டை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பாளரிடம் கொண்டுபோங்கள். அந்த வட்டிலிருந்து பிளகினைக் கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் மீட்பைக் கடினமாக்கும். வட்டு நலமாக இருந்தும் கணினி மட்டும் பழசாகிவிட்டது என்றால், அதை அப்படியே மற்றொரு வட்டுக்குக் குளோன் செய்யச் சொல்லுங்கள்; கணினிக் கடையில் முடிந்துவிடும் சிறு வேலை அது.

பிளகினைச் செய்த நிறுவனமே மூடிவிட்டது, பழைய கணினியும் இல்லை என்ற நிலையில் கணினி பழுதுபார்ப்பவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அல்கெமி என்ற பிளகினைச் செய்த கேமல் ஆடியோவை 2015இல் ஆப்பிள் வாங்கியபின் அது லாஜிக்குக்குள் மட்டுமே திரும்பி வந்தது. க்யூபேஸில் அதை வைத்திருந்தவர்களுக்கு இன்று வழி லாஜிக் அல்லது வேறு ஒலி. அப்படிப்பட்ட டிராக்குக்கு ஒலியமைப்பில் கைதேர்ந்த ஒரு ப்ரோகிராமரைத்தான் கூப்பிட வேண்டும். பழைய மிக்ஸ் ஒன்றைக் கொடுத்தால் கேட்டு நெருக்கமாக அமைத்துத் தருவார். யாரிடம் போனாலும் ப்ராஜெக்ட் ஃபோல்டரின் நகல், காணாமல்போன பிளகின்களின் பெயரும் பதிப்பும், உரிமக் கணக்கின் விவரம், டாங்கிள், ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் பழைய மிக்ஸ் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.